புரட்சி என்பது வலம் வருவதன்று!

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற இயக்கத் தோழர்களின் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

புரட்சி என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமாறு எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். எளிய சொல், ஏடுதோறும் காணும் சொல், எழுதத் தெரிந்தவர் எல்லோரும் எழுதிவிடும் சொல். அதனாலேயே அதற்குப் பொருள் கூறுவது கடினமாகிவிட்டது. நெல் விளைச்சல் பெருகினால் பசுமைப் புரட்சி. பால் பெருகினால் வெண்மைப் புரட்சி. புதுவகைக் கைப்பேசி கடைக்கு வந்தால் தகவல் புரட்சி. திரையிலே பத்துப் பேரைப் பந்தாடிவிட்டால் நடிகரின் பெயருக்கு முன்னே ஒரு புரட்சி! ருசிய நாட்டு எழுச்சியைப் பாடும்போது பாரதியார் கையாண்ட சொல், பாரதிதாசனாரின் பெயருக்கு முன்னே பட்டமாக நின்று பெருமை பெற்ற சொல், இன்று சுவரொட்டிப் பசையிலே ஊறிக் கிடக்கிறது.

நாணயத்தை அவரவரும் அச்சிடத் தொடங்கினால் அது செல்லாக் காசாகும். சொல்லுக்கும் அதே கதிதான். புரட்சி என்னும் சொல் செல்லாததானால் யாருக்கு இலாபம்? புரட்சி வேண்டாம் என்பாருக்கே இலாபம். ஆகவே, இச்சொல்லைத் துலக்கி எடுப்பது புலவர்கள் பொழுதுபோக்குக்காகச் செய்யும் வேலை அன்று. இயக்கத் தோழர்கள் செய்தாக வேண்டிய வேலை.

சுழற்சியும் உழவும்

மேனாட்டார் ‘ரெவல்யூஷன்’ என்கின்றனர். இலத்தீனிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குச் சுழன்று திரும்புதல் என்பதே பழம்பொருள். அதைப் பெரிதும் வழங்கியவர்கள் வானியலார். 1543-ஆம் ஆண்டு கோபர்நிக்கஸ் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அச்சொல் இருக்கிறது. வானிலே கோள்கள் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவதை அது குறித்தது.

அரசியலுக்கு வந்தபோதும் அச்சொல் அதே பொருளோடுதான் வந்தது. இங்கிலாந்திலே 1649-இல் மன்னனின் தலையை வெட்டினர், குடியரசு அமைத்தனர், 1660-இல் அந்த மன்னனின் மகனையே அழைத்து வந்து மீண்டும் முடி சூட்டினர். தலை விழுந்ததை அவர்கள் ரெவல்யூஷன் என்று கூறவில்லை. போன முடி திரும்பி வந்ததைத்தான் அப்படிக் கூறினர்! ஹன்னா அரெண்ட் என்னும் அரசியல் தத்துவ அறிஞர், புரட்சியைப் பற்றி 1963-இல் வெளியிட்ட நூலிலே இந்த வேடிக்கையை எடுத்துக்காட்டுகிறார்.

புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வருவது! அடி அண்ணாமலையில் வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? முழுநிலாத்தோறும் உங்கள் ஊர் வழியாகத்தானே இலட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள்! 14 கிலோமீட்டர் கால் கடுக்க நடந்து, புறப்பட்ட கோபுர வாயிலுக்கே வந்து சேர்கிறார்கள். நம்புகிறவர் நடக்கட்டும், அது அவர் உரிமை. நான் கூற வந்தது அரசியலிலே நடக்கும் வலம். கொடி மாறும், கோட்டையிலே ஆள் மாறுவார், முழக்கம் மாறும், நடை நடையென்று நாடே நடக்கும், கடைசியில் பார்த்தால் பழைய வாயிலிலேயே நிற்கும். இதைத்தான் பல நாடுகளிலே புரட்சி என்று பெயரிட்டுப் பொன்னேட்டிலே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

நம் தமிழ்ச் சொல்லோ வேறு. புரள்வது, புரட்டுவது என்னும் வேரிலே கிளைத்தது புரட்சி. உழவரைக் கேளுங்கள், அவர் பொருள் சொல்வார். கலப்பை போனால் மண் புரள்கிறது. மேலே கிடந்து இறுகிய மண் கீழே போகிறது. வெளிச்சமே காணாத அடிமண் மேலே வந்து வெயில் காய்கிறது. அப்போதுதான் விதை முளைக்கிறது. புரட்சி என்பது வலம் வருவதன்று, புரட்டிப் போடுவது. அடியிலே இருந்தது மேலே வந்ததா என்று பார்த்தே அதை அளக்க வேண்டும். உங்கள் ஊரின் பெயரிலேயே ‘அடி’ இருக்கிறது. ஆகவே இந்த அளவுகோலை இந்த ஊரிலிருந்து எடுத்துச் சொல்வது பொருத்தந்தான்.

புரட்சி ஏன் பிறக்கிறது? கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் ஐந்தாம் பகுதி முழுவதையும் இந்தக் கேள்விக்கே ஒதுக்கினார். சமத்துவம் இல்லாமையே எங்கும் கிளர்ச்சியின் வேர் என்று கண்டார். கண்டவர் யார்? அடிமை முறையைச் சரியென்று வாதிட்ட அதே அரிஸ்டாட்டில்! அடிமையை வைத்திருந்த ஊரிலே இருந்துகொண்டே, சமமின்மை வெடிக்கும் என்பதை அறிந்திருந்தார். மேட்டுக்குடி புரட்சியை எப்போதும் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்.

பிரெஞ்சு நாடு சுற்றிய சுற்று

1789-ஆம் ஆண்டு சூலை 14. பாரிசு மக்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்தனர். செய்தி கேட்ட பதினாறாம் லூயி மன்னன், இது கலகமோ என்று வினவினானாம். அருகிலிருந்த பிரபு, கலகமன்று, புரட்சி என்று திருத்தினானாம். கலகம் படைகொண்டு அடக்கக் கூடியது. இது அப்படிப்பட்டதன்று என்பது அத்திருத்தத்தின் உட்பொருள்.

பிறகு நடந்தது என்ன? 1792-இல் முடியாட்சி ஒழிந்தது. 1793-இல் மன்னனின் தலை உருண்டது. 1804-இல் நெப்போலியன் பேரரசன் ஆனான். 1814-இல் பழைய மன்னனின் தம்பி, பதினெட்டாம் லூயி என்னும் பெயரோடு அரியணை ஏறினான். பதினாறாம் லூயியிலே புறப்பட்ட நாடு பதினெட்டாம் லூயியிலே வந்து நின்றது! 25 ஆண்டுகள், எத்தனையோ போர்கள், எண்ணற்ற உயிர்கள்; முடிவில் பழைய கோபுர வாயில்!

அப்படியானால் அந்தப் புரட்சி தோற்றதா? அவசரப்படாதீர்கள். அரியணையை விட்டுவிட்டு வயலைப் பாருங்கள். 1789 ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவிலே தொடங்கி, நிலப்பிரபுக்களின் தனியுரிமைகளை ஒவ்வொன்றாக ஒழித்தார்களே, அவற்றைத் திரும்பி வந்த மன்னனால் மீட்க முடியவில்லை. உழவனிடம் பழைய பிரபுத்துவ வரிகளைக் கேட்க முடியவில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற நெறியை அழிக்க முடியவில்லை. அரியணை சுற்றி வந்துவிட்டது. புரண்ட மண் திரும்பவும் புரளவில்லை.

இதிலிருந்து முதற் பாடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரியணையில் யார் அமர்ந்தார் என்று கேட்டுப் புரட்சியை அளக்க முடியாது. எவர் வந்து அமர்ந்தாலும் திருப்ப முடியாதபடி மாறியது எது என்று கேட்டுத்தான் அளக்க முடியும்.

இரண்டாம் பாடமும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. உழவு எவ்வளவு ஆழம் போயிற்று? மனிதனின் உரிமைகளைப் பறைசாற்றியவர்கள் பெண்ணை மறந்தார்கள். பெண்ணின் உரிமைகளுக்கு 1791-இல் ஓர் அறிக்கை எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் என்னும் மாதரசி 1793-இல் கொலைக்களம் ஏறினார். பிரெஞ்சுப் பெண்ணுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல்! சமத்துவம் பேசிய அதே நாடு ஹெய்ட்டித் தீவிலே கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தது. அவர்கள் 1791-இல் தாமே எழுந்தார்கள். 1794-இல் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீண்டும் நிலைநாட்ட முயன்றான். 1804-இல் ஹெய்ட்டி மக்கள் தனிநாடே கண்டார்கள். அடிமண் தானாகவே புரண்டால்தான் உழவு முழுமை பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சென்னை மாகாணத்திலே, நீதிக்கட்சி ஆட்சி நடந்த 1921-ஆம் ஆண்டிலேயே, சொத்துத் தகுதிக்கு உட்பட்டேனும் பெண்கள் வாக்குரிமை பெற்றுவிட்டனர் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆரவாரமின்றி நடப்பதும் புரட்சியாக இருக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக் கணக்கு

இந்த அளவுகோலை இப்போது நம் நாட்டுக்கு வைத்துப் பார்ப்போம். 1963-இல் இந்தத் திருவண்ணாமலைத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலிலே கழகம் வென்றது. வரப்போகும் மாற்றத்துக்குக் கட்டியம் கூறிய தீர்ப்பு அது. 1967 மார்ச்சு 6-ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். ஒரு துளி குருதி சிந்தாமல், வாக்குச் சீட்டாலே ஆட்சி மாறியது. மகிழ்ந்தோம், மகிழத் தக்கதே. ஆனாலும், ஆட்சி மாறியது என்பதற்காக மட்டும் அதைப் புரட்சி என்று சொல்லக் கூடாது. பின்னே எத்தனையோ முறை ஆட்சி மாறிவிட்டதே! மாறிய ஆட்சிகளால் திருப்ப முடியாதது எது?

சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 முதல் புரோகிதர் இன்றி, வடமொழி மந்திரம் இன்றி, மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. எத்தனை தாய்மார்களின் நெஞ்சு துடித்திருக்கும்! அவர்கள் ஈன்ற பிள்ளைகளை ஊரார் என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள்! அஞ்சினார்களா? மேலும் மேலும் அப்படியே மணந்துகொண்டார்கள். 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இனி நடப்பவற்றுக்கு மட்டுமின்றி, முன்னர் நடந்தவற்றுக்கும் செல்லுபடி தந்தது. அன்று முதல் இன்று வரை எந்த ஆட்சியும் அதில் கை வைக்கவில்லை.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். நகைத்தவர் பலர். கலைஞர் ஆட்சியில் 1989-இல் அது தமிழ்நாட்டிலே நடைமுறைக்கு வந்தது. 2005-இல் இந்திய நாடாளுமன்றமே அவ்வழி நடந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 60 ஆண்டுகள்! ஓர் இரவிலே வருவதுதான் புரட்சி என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

வகுப்புரிமை ஆணையை 1951-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டிலேயே அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற கல்வித் திட்டம் வந்தது. மறு ஆண்டே ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். மேலே வந்த மண்ணைக் கீழே தள்ளும் முயற்சிகள் இவை, முறியடிக்கப்பட்டன. புரட்சி என்று நாம் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளக் கூடியவை இவைதாம்.

மரபு என்னும் பாறை

கலப்பை எங்கேயும் எளிதாகப் போய்விடாது. பாறை தட்டும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பாறைக்குப் பெயர் மரபு.

பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு நடுங்கி, எட்மண்டு பர்க் என்பார் 1790-இல் ஒரு நூல் எழுதினார். காலங்காலமாக வந்த அமைப்புகளிலே முன்னோரின் அறிவு திரண்டிருக்கிறது, அதை ஒரு தலைமுறை கலைக்கலாகாது என்பது அவர் வாதம். 1791-இல் தாமசு பெயின் விடை எழுதினார். இறந்தவர்கள் இருப்பவர்களை ஆளும் அதிகாரம் ஏது என்பது அவர் எழுப்பிய வினா. இந்த வாதமும் எதிர்வாதமும் இங்கிலாந்தோடு முடிந்துவிட்டன என்று எண்ணாதீர்கள். உங்கள் ஊருக்கு அருகிலே, திருவண்ணாமலையிலே, நம் காலத்திலேயே அவை மீண்டும் நடந்தன.

சாதி வேறுபாடின்றி அனைவரும் அர்ச்சகராகலாம் என்னும் வழக்கையே சொல்கிறேன். கருவறைக்குள் நுழையும் கிளர்ச்சியைப் பெரியார் அறிவித்தார். கலைஞர் ஆட்சி 1970 திசம்பரில் சட்டமன்றத்திலே சட்டம் இயற்றியது. அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமை ஒழிந்தது. 1972 மார்ச்சிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரம்பரையை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமம் விதித்த தகுதி காக்கப்பட வேண்டும் என்றது. கதவு திறந்தது; தாழ்ப்பாள் அப்படியே இருந்தது! 1973 திசம்பர் 24-ஆம் நாள் பெரியார் மறைந்தார். அந்தக் கவலை தீராமலே மறைந்தார்.

33 ஆண்டுகள் சென்றன. 2006 மே மாதம், தகுதியும் பயிற்சியும் பெற்ற இந்து எவரும் சாதி வேறுபாடின்றி அர்ச்சகராகலாம் என்று அரசு ஆணையிட்டது. ஆறு பயிற்சிப் பள்ளிகள் அமைந்தன: மதுரை, பழநி, திருச்செந்தூர், திருவரங்கம், திருவல்லிக்கேணி, ஆறாவது, நம் திருவண்ணாமலை. 200-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பயின்று தேறினார்கள். ஆகமம் வேண்டும் என்றார்கள், ஆகமம் கற்றார்கள். மந்திரம் வேண்டும் என்றார்கள், மந்திரமும் கற்றார்கள். எல்லாம் கற்ற பிறகு எஞ்சிய தடை எது? பிறப்பு ஒன்றுதான்! தகுதி என்னும் போர்வை விலகி, சாதி என்னும் உடல் வெளியே தெரிந்தது அந்த நாளிலேதான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 திசம்பர் 16-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆகம விதிகளை ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியே நோக்கியே நியமனம் என்று அது கூறியது. பயின்றவர்கள் ஆண்டுக்கணக்கிலே காத்திருந்தார்கள். 2018-இல் மதுரையிலே ஒரு சிறு கோயிலில் ஒருவர் முதன்முதலாக அமர்த்தப்பட்டார். 2021 ஆகஸ்டு 14-ஆம் நாள் முதலமைச்சர் ஸ்டாலின் பயிற்சி பெற்ற 24 பேருக்கு நியமன ஆணைகள் வழங்கினார். 2023-இல் மூன்று பெண்கள் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள். இவற்றுக்கு இடையிலேயும் வழக்குகள் தொடர்ந்து வந்தன.

கடவுளை மறுத்த இயக்கத்துக்குக் கருவறையிலே என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் போகும் ஊர்களிலும் கேட்பார்கள். விடையை நெஞ்சிலே நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் கேட்டது பூசை செய்யும் வாய்ப்பு அன்று, மனிதனின் மதிப்பு. நாடெங்கும் சமத்துவம் என்று சட்டத்திலே எழுதிவிட்டு, ஒரே ஓர் அறைக்குள் மட்டும், நீ பிறப்பால் தாழ்ந்தவன், உன் கை பட்டால் தீட்டு என்று எழுதி வைத்தால், அந்த ஓர் அறை நாடு முழுவதையும் தாழ்த்திவிடும். அந்த அறைக்குள் போக விரும்பாதவனும் அதனால் இழிவடைகிறான். அதனாலேயே அது நம் வேலையாயிற்று.

இன்னொன்றும் உண்டு. மணிவாசகர் திருவெம்பாவையைப் பாடிய இடம் என்று சைவர்கள் போற்றும் ஊர் இது. தமிழிலே பாடப்பட்ட பாட்டு! அந்தத் தமிழ் கருவறைக்கு வெளியே காத்திருந்த காலம் எத்தனை நூற்றாண்டு! ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ என்று 2021-இல் அரசு திட்டம் வகுக்க வேண்டியிருந்ததே, அதுவே நோயின் ஆழத்தைக் காட்டவில்லையா?

சட்டத்துக்குக் கால் உண்டா?

சட்டம் வந்துவிட்டால் புரட்சி முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்களைத் தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தொலைவில்லை, இதே மாவட்டந்தான்.

கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணத்திலே 1939-இல் ஒரு சட்டம் வந்தது. 1947-இல் விரிவான சட்டம் வந்தது. 1950 சனவரி 26 முதல் தீண்டாமை ஒழிந்தது என்று அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முழங்குகிறது. தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் முதன்முதலாகக் கால் வைத்தது எந்த நாள்? 2023 சனவரி 30! ஏறத்தாழ 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட வழிபாடு என்று அந்நாளிலே செய்தி ஏடுகள் எழுதின. மாவட்ட நிருவாகம் முன்னின்றது. காவல் படை சூழ்ந்து நின்றது. அதன் நடுவிலே அம்மக்கள் பொங்கல் வைத்துப் படைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டிலே செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் அவ்வாறே நடந்தது.

1947-க்கும் 2023-க்கும் இடையே 76 ஆண்டுகள். சட்டம் அந்த ஊரிலே இல்லாமல் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்து அலமாரியிலே இருந்தது. சட்டத்துக்குக் கண் உண்டு, வாய் உண்டு, கால் கிடையாது, தோழர்களே! கால் மக்களுடையது. தென்முடியனூரிலே நடந்து சென்றவர்கள், ஒவ்வோர் அடியிலும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முதல் அடி எடுத்து வைத்த பெண்ணின் நெஞ்சிலே எத்தனை அச்சம் இருந்திருக்கும்! மறுநாள் வேலைக்கு யார் கூப்பிடுவார், கடையிலே யார் பொருள் கொடுப்பார், இரவிலே யார் காவல் நிற்பார் என்ற கவலைகளோடுதானே நடந்திருப்பார்! அவர் எழுதியதும் புரட்சியின் வரலாறுதான்.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்கூட்டியே கண்டார். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசமைப்பு அவையிலே பேசும்போது, அரசியலிலே சமத்துவமும் சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் சமமின்மையும் உள்ள முரண்பட்ட வாழ்வுக்குள் நாடு நுழையப் போகிறது என்று எச்சரித்தார். சட்டத்தை வகுத்தவரே அப்படிச் சொன்னார்! 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகத் நகரத்துக் குளத்திலே இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தவர் அவர். அதற்கு முன்பே அக்குளத்தைத் திறந்துவிட ஆணை இருந்தது. ஆணை நீரைப் பருகாது. மனிதன்தான் பருக வேண்டும் என்பதைச் செய்து காட்டினார்.

குருதியும் நெல்லும்

புரட்சி என்றால் குருதி என்று மிரட்டுவோர்க்கு ஒரு சொல். 1929-இல் நீதிமன்றத்திலே நின்று பகத்சிங்கும் பி.கே. தத்தும் விளக்கம் தந்தார்கள். வெடிகுண்டும் கைத்துப்பாக்கியும் புரட்சி ஆகா. வெளிப்படையான அநீதியின்மேல் எழுந்த இன்றைய அமைப்பை மாற்றுவதே புரட்சி என்பது அதன் சாரம். 1931 மார்ச்சிலே பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது பெரியார் ‘குடி அரசு’ ஏட்டிலே தலையங்கம் தீட்டினார். அதே ஆண்டு மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கையையும் அவ்வேட்டிலே தமிழில் வெளியிட்டார். சாதியை மறந்த சமதர்மமும், வயிற்றை மறந்த சுயமரியாதையும் அரை உழவு என்பதை அன்றைக்கே அவர் அறிந்திருந்தார்.

அரை உழவு என்ன செய்யும் என்பதற்குக் கீழ்வெண்மணி சான்று. 1960-ஆம் ஆண்டையொட்டி, விளைச்சலைப் பெருக்கும் தனித் திட்டத்துக்குத் தஞ்சை மாவட்டம் தெரிந்தெடுக்கப்பட்டது. நெல் பெருகியது. வயல் யாருடையது என்பது மாறவில்லை. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் உழைப்பவர்கள். 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளுமே மிகப் பலர். ஆட்சி மாறி இரண்டாண்டு கூட நிறையவில்லை. வழக்கு நடந்தது, மேல் முறையீட்டிலே நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. விதை மாறுவது பசுமைப் புரட்சி என்றால், அந்த 44 பேருக்கு அந்தப் புரட்சி என்ன தந்தது?

அதன் பிறகுதான் 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது; 1970-இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது; 1971-இல் குடியிருப்பு மனைகள் அவற்றில் வாழ்ந்தோருக்கே உரிமையாயின. இவை நல்ல சட்டங்கள். நம் ஆட்சி தந்த சட்டங்கள். ஆனாலும் அவற்றைப் பற்றிப் பெருமையோடு பேசும் மேடையிலே, அவற்றுக்கு முன்னே எரிந்த குடிசையையும் சேர்த்தே பேச வேண்டும். ஆட்சி கையிலிருப்பது ஏர் கையிலிருப்பதற்கு ஒப்பு. ஏர் கையிலிருந்தால் மட்டும் மண் புரண்டுவிடாது, அழுத்த வேண்டும், ஆழம் போக வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

உழுத மண் அப்படியே இருந்துவிடாது. மழை பெய்யும், வெயில் காயும், மண் மீண்டும் இறுகும். பழங்கால இந்தியாவிலே பௌத்தம் புரட்சியாக எழுந்ததையும் அதை எதிர்ப்புரட்சி வீழ்த்தியதையும் பற்றி அம்பேத்கர் ஒரு நூல் எழுதத் தொடங்கினார், முடிக்குமுன் மறைந்தார், கையெழுத்துப் படிகள் 1987-இல் அச்சேறின. அந்த எச்சரிக்கை நமக்கும் உரியது. எதிர்ப்புரட்சி எப்போதும் வாளோடு வருவதில்லை. மரபு என்று வரும்; தகுதி என்று வரும்; ஊர்க்கட்டுப்பாடு என்று வரும்; சில வேளைகளிலே நம் கொடியையே பிடித்துக்கொண்டும் வரும்.

ஆகவே, புரட்சி வாழ்க என்று முழங்குவதற்கு முன்னே, அவரவர் ஊரிலே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஊர்க் கோயில் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? சுடுகாடு ஒன்றா, இரண்டா? ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்புத் தோழர், அலுவலகத்திலே நாற்காலியிலே அமர்கிறாரா, நிற்கிறாரா? சாதி கடந்து மணந்த இணையர் அந்த ஊரிலேயே குடியிருக்க முடிகிறதா? நான்கிலே ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும், உங்கள் ஊரிலே உழவு முடியவில்லை என்று பொருள். அந்த ஊரிலே நம் கட்சிக்கு எத்தனை கிளைகள், எத்தனை கொடிக்கம்பங்கள், எத்தனை வாக்குகள் என்ற கணக்கு அதற்கு ஈடாகாது.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் வாக்கு குறையும் என்பார் உண்டு. குறையலாம். 1929-இல் பெண்ணுக்குச் சொத்து என்றபோதும் ஆதரவு பெருகிவிடவில்லை. அன்று வாக்கை எண்ணியிருந்தால் 1989 வந்திருக்காது. வாக்கு ஆட்சியைத் தரும். ஆட்சியை எதற்குப் பயன்படுத்துவது என்பதை முன்கூட்டியே மக்களிடம் பேசி, ஏச்சு வாங்கி, ஏற்கச் செய்து வைப்பதுதான் இயக்கத்தின் வேலை. அந்த வேலையை நிறுத்திவிட்டு ஆட்சியை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், தேர்தலுக்குத் தேர்தல் நாமும் வலம் வந்துகொண்டிருப்போம், அவ்வளவுதான்.

அடியிலே கிடப்பவர் மேலே வருவதே புரட்சி. எவர் ஆட்சியிலும் அவர் மீண்டும் கீழே தள்ளப்படாதிருப்பதே அதன் வெற்றி. அவர் எழும்போது அருகிலே நிற்பதே உங்கள் கடமை. தென்முடியனூர்களும் செல்லங்குப்பங்களும் இன்னும் எத்தனை உண்டு என்பதை ஊர் ஊராகச் சென்று அறியுங்கள். அறிந்ததைத் தலைமைக்கு மறைக்காமல் எழுதுங்கள். காவல் படை வந்து கோயில் கதவைத் திறக்கும் நாள் வரை காத்திராமல், ஊராரோடு பேசி நீங்களே திறக்க முயலுங்கள்.